கேஸ் டார்ச் கோளாறா, தப்பான டார்ச்சா? அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

சைட்டில் டார்ச் மக்கர் பண்ணினால் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். டார்ச்சில் கோளாறா? இல்லை, டார்ச் நன்றாகவே இருக்கிறது, நாம் கொடுத்த வேலை அதன் சக்திக்கு மீறியதா? ஏசி பைப் பற்றவைப்பு, மொட்டை மாடியில் மெம்பிரேன் ஷீட் (தண்ணீர் கசியாமல் ஒட்டும் தார் விரிப்பு), கேபிள் ஜாயின்ட், சில்லறை பிளம்பிங் என்று வருகிற வேலையையெல்லாம் எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டருக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். நாசிலைக் குத்திப் பார்த்து, ரெகுலேட்டரை மாற்றி, ஹோஸை மாற்றி, கடைசியில் டார்ச்சையே தூக்கிப் போட்டுவிட்டு அதே வகையில் இன்னொன்று வாங்கி வருகிறவர்கள் நிறையப் பேர். புதுசும் அதே இடத்தில்தான் சுணங்கும்.

அதனால் இங்கே அறிகுறி வாரியாகப் போகலாம். முதலில் காசு செலவில்லாமல் பார்க்க வேண்டியது, பிறகு கழற்றிப் பார்க்க வேண்டியது, கடைசியில் அந்த அறிகுறி உண்மையில் தேர்வைப் பற்றிய சேதியா என்பது. கேஸ் வாடை அடிக்கிறது என்றால் மற்றதெல்லாம் அப்புறம். வால்வை மூடிவிட்டு நேராகக் கீழே ‘கேஸ் வாடை’ பகுதிக்குப் போங்கள்.

கையில் இருப்பது எந்த வகை?

நம் ஊர் சைட்டுகளில் பார்க்கிற டார்ச்சுகள் மூன்று வகையில் அடங்கிவிடும். முதல் வகை, சிறிய கையடக்க அடுப்புக்குப் போடுகிற 220 கிராம் நீளக் கேனின் மேல் திருப்பி மாட்டும் தலை. உள்ளே இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். இரண்டாவது, திருகு மரை உள்ள தடித்த சிலிண்டரில் பொருத்தும் டார்ச். சுமார் 400 கிராம் புரொபேனோ புரோப்பிலீன் சேர்ந்த கேஸோ இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். ‘மேப்’ என்று கடையில் கேட்டால் கொடுப்பது இதைத்தான். பழைய அசல் மேப் கேஸின் தயாரிப்பு வட அமெரிக்காவில் 2008-லேயே நின்றுவிட்டது. இப்போது அந்தப் பெயரில் வருவதில் பெரும்பங்கு புரோப்பிலீன்தான். மூன்றாவது, எல்பிஜி சிலிண்டர், ஹை பிரஷர் ரெகுலேட்டர், ஹோஸ், கைப்பிடி, அதன் முனையில் மாற்றிக்கொள்ளக்கூடிய பர்னர் என்று தனித்தனியாக வருவது.

கீழே ‘கேன் டார்ச்’ என்றால் முதல் வகை, ‘திருகு டார்ச்’ என்றால் இரண்டாவது, ‘ஹோஸ் டார்ச்’ என்றால் மூன்றாவது.

அறிகுறி: பொத்தானை அமுக்கினால் பற்றவில்லை

காதைக் கொடுங்கள். வால்வைத் திறந்ததும் ‘உஸ்’ என்று சத்தம் வருகிறதா?

சத்தம் வருகிறது, லைட்டரைக் காட்டினால் பற்றிக்கொள்கிறது என்றால் குறை பீசோவில், அதாவது பொத்தானை அமுக்கினால் மின்பொறி தரும் பாகத்தில். கேஸை முழுக்க மூடிவிட்டு, நிழலான இடத்தில் பொத்தானை அமுக்கிப் பொறி எங்கே விழுகிறது என்று பாருங்கள். கம்பி முனையிலிருந்து பர்னரின் உலோகத்துக்குத் தாவ வேண்டும். இடைவெளி மூன்று நான்கு மில்லிமீட்டர் இருந்தால் போதும். கம்பி வளைந்து விலகியிருந்தால் மூக்குக் குறடால் மெதுவாகப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். கரி படிந்திருந்தால் உப்புத்தாள் நுனியால் ஒரு தேய்ப்பு. பொறி முனைக்குப் போகாமல் நடுவிலேயே எங்கோ தாவுகிறது என்றால் வெள்ளைப் பீங்கான் விரிசல் விட்டிருக்கும்; அதைச் சரி பண்ணி மாளாது. மழைக்காலத்தில், கடலோர ஊர்களில் ஒன்றுமே உடையாமல் ஈரத்தினாலேயே பொறி செத்துப் போகும். துணியால் துடைத்து ஐந்து நிமிடம் வெயிலில் வைத்தால் உயிர் வந்துவிடும்.

சத்தம் வருகிறது, லைட்டருக்கும் பற்றவில்லை என்றால் பெரும்பாலும் வால்வை அதிகம் திறந்திருக்கிறீர்கள். கேஸின் வேகம் தீயை ஊதித் தள்ளிவிடுகிறது. கால் திருப்பு போதும். பற்றிய பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

சத்தமே இல்லை. கேன் டார்ச் என்றால் கேன் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். கேனின் வளையத்தில் உள்ள வெட்டும் தலையில் உள்ள குறியும் நேராக வந்துதான் திரும்ப வேண்டும். ஹோஸ் டார்ச் என்றால் சிலிண்டர் வால்வைச் சடாரென்று திறந்தீர்களா என்று யோசியுங்கள். நல்ல ரெகுலேட்டர்களில் ஹோஸ் அறுந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு இருக்கும். கைப்பிடி திறந்திருக்கும்போது சிலிண்டரை வேகமாகத் திறந்தால் அது ஏமாந்து மூடிக்கொள்ளும். எல்லாவற்றையும் மூடி, ஒரு நிமிடம் விட்டு, கைப்பிடி மூடியிருக்கும் நிலையில் சிலிண்டரை மெதுவாகத் திறந்து பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் நாசில் அடைத்திருக்கிறது.

நாசிலில் ஊசி விடாதீர்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஓரிரு பங்கு அளவே உள்ள துளை, அதுவும் பித்தளை. தையல் ஊசி ஒரு முறை போய் வந்தால் துளை பெரிதாகியோ கோணலாகியோ போய்விடும். அதற்கப்புறம் ஜுவாலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே எரியும். கழற்றித் தின்னரில் ஊறவைத்து, நன்றாக உலரவிட்டு, ஜுவாலை வரும் பக்கத்திலிருந்து பின்னோக்கிக் காற்றடியுங்கள். வந்த வழியே தூசு வெளியேற வேண்டும். முன்னோக்கி அடித்தால் இன்னும் இறுகும்.

வாங்கும்போது இதில் கவனிக்க ஒன்று உண்டு. பீசோ இருப்பது வசதி. ஏணியில் நின்று ஒரு கையால் அவுட்டோர் யூனிட்டைப் பிடித்திருக்கும்போது விசையை அமுக்கினால் பற்றி, விட்டால் அணைகிற டார்ச் கைக்கு அவ்வளவு இதம். ஆனால் பீசோ செத்தால் லைட்டரால் பற்றவைக்க முடியாத மாடல்களும் இருக்கின்றன. விசைதான் கேஸையும் திறக்கும், பர்னரோ உள்ளடங்கி இருக்கும். அப்படிப்பட்டதைச் சைட்டுக்கு வாங்காதீர்கள்.

அறிகுறி: மஞ்சள் ஜுவாலை, கரி படிகிறது

காற்று போதவில்லை. பர்னர் கழுத்தில் உள்ள காற்றுத் துளைகளைப் பாருங்கள். சில வாரம் கோடவுனில் சும்மா கிடந்த டார்ச் என்றால் சிலந்தி வலையோ, குளவி கட்டிய மண் கூடோ இருக்கும். குளவிக்கு அந்த அளவுத் துளை ரொம்பப் பிடிக்கும். ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்துக் காற்றடித்தால் போதும். சிமெண்ட் தூசு, பெயிண்ட் அடிக்கும் இடத்தில் படியும் துகள் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். துளையெல்லாம் சுத்தமாக இருந்தும் மஞ்சளாகவே எரிந்தால், யாரோ முன்னாடியே நாசிலை ஊசியால் குத்தியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கு. கேபிள் ஜாயின்டுக்கு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) சுருக்குகிறவருக்கு வேண்டியதே மென்மையான, நுனி மஞ்சளான ஜுவாலைதான். கூர்மையான நீல ஜுவாலையைக் காட்டினால் ஸ்லீவ் ஓரிடத்தில் கருகி, பக்கத்தில் சுருங்காமல் நிற்கும். பிரேசிங்குக்கு, அதாவது ராடு என்கிற உலோகக் குச்சியை உருக்கிப் பைப்பை இணைப்பதற்கு, வாங்கிய திருகு டார்ச்சை வைத்து ஸ்லீவ் சுருக்கி, “ஸ்லீவ் மட்டம்” என்று குறை சொல்கிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. காற்றை முழுதாக இழுத்து நீலமாக மட்டுமே எரியும் டார்ச்சில் இந்த மென்மை வராது. ஹோஸ் டார்ச்சில் அகலவாய் பர்னரை மாட்டி, ரெகுலேட்டரைக் குறைத்து வைத்து, ஜுவாலையை நகர்த்திக்கொண்டே இருந்தால் வரும். கேபிள் வேலையும் எடுப்பீர்கள் என்றால் பர்னர் மாற்றும் வசதியைத் தவிர்க்கவே முடியாது.

அறிகுறி: ஜுவாலை பர்னரை விட்டுப் பிய்த்துக்கொண்டு பறக்கிறது, அணைந்துவிடுகிறது

பிரஷர் அதிகம், அல்லது காற்று. ரெகுலேட்டரைக் குறையுங்கள். குறைத்தும் அணைந்தால் காற்றடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள். மொட்டை மாடியில் பிற்பகலில் காற்று ஏறிவிட்டால் கேன் டார்ச் எதுவும் நிற்காது. வெளிவேலைக்கு, ஜுவாலையின் அடி ஒரு கிண்ணத்துக்குள் ஒளிந்திருக்கும் பர்னர் வேண்டும். அந்தக் கிண்ணம்தான் காற்றிலிருந்து தீயின் வேரைக் காக்கிறது.

அறிகுறி: சத்தம் மாறுகிறது, பர்னர் குழாய் சிவக்கிறது

தீ வெளியே எரியாமல் உள்ளே போய் நாசில் வாயிலேயே எரிகிறது. உடனே மூடுங்கள். பிரஷர் ரொம்பக் குறைவாக வைத்து நீண்ட நேரம் எரித்தாலோ, பர்னரை வேலைப்பொருளில் முட்டிக்கொண்டு பிடித்தாலோ இப்படி ஆகும். முழுக்க ஆறிய பிறகு கொஞ்சம் கூடுதல் பிரஷரில் பற்றவைத்துப் பாருங்கள். மறுபடி அதே என்றால் பர்னர் குழாய் உள்ளே அரித்திருக்கும். பர்னரை மட்டும் மாற்றலாம். தலையோடு ஒட்டிய கேன் டார்ச்சில் மாற்ற ஒன்றுமில்லை, முழுதாகவே விட்டுவிட வேண்டியதுதான்.

அறிகுறி: சாய்த்தால், கவிழ்த்தால் குப்பென்று பெரிய மஞ்சள் தீ

கேனுக்குள் அடியில் திரவம், மேலே ஆவி. நிமிர்த்திப் பிடிக்கும்போது ஆவி வருகிறது. கவிழ்த்தால் திரவமே நாசிலுக்கு வந்துவிடும். வெளியே வந்ததும் அது சுமார் 250 மடங்கு விரிந்து எரியும். இது பழுது இல்லை, டார்ச்சின் குணம். ஆனால் முகத்துக்கு நேரே, ஃபால்ஸ் சீலிங்குக்குள் நடந்தால் பழுதைவிட மோசம்.

தப்பிக்க மூன்று வழி. பற்றவைத்து ஓரிரு நிமிடம் நிமிர்த்தி எரியவிட்டு, பர்னர் சூடான பிறகு மெதுவாகச் சாய்ப்பது ஒன்று. சில டார்ச்சுகளில் திரவத்தை ஆவியாக்கும் சிறு குழாய் ஜுவாலையை ஒட்டியே ஓடும், அது சூடாக இருந்தால் சமாளித்துவிடும். இரண்டாவது, உள்ளே ரெகுலேட்டர் வைத்த திருகு டார்ச் வாங்குவது. எந்தக் கோணத்திலும் ஜுவாலை ஓரளவு ஒரே சீராக இருக்கும். மூன்றாவது, கேனை இடுப்பிலோ தரையிலோ நிமிர்த்தி வைத்து, கைப்பிடியை மட்டும் ஹோஸில் கொண்டுபோவது. கட்டிலுக்கடியில், அலமாரிக்குப் பின்னால், யூனிட்டுக்கு அடிப்பக்கம் என்று தலைகீழாக வேலை செய்கிற ஏசி மெக்கானிக்குக் கடைசி இரண்டில் ஒன்று இல்லாமல் சரிவராது. எடையும் ஒரு காரணம்: நிறைந்த கேனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஜாயின்டைக் குறி பார்ப்பது லேசில்லை.

அறிகுறி: ஆரம்பத்தில் பிரமாதம், பத்து நிமிடத்தில் சுணங்குகிறது

கேனைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருக்கும், ஹோஸ் டார்ச் என்றால் சிலிண்டரின் கீழ்ப்பாதியில் வியர்த்து, சமயத்தில் வெள்ளையாகப் பனியே பிடித்திருக்கும். நாசில் அடைப்பு என்று நினைத்துக் கழற்றுவது இங்கேதான். கழற்றி மாட்டுவதற்குள் கேன் பழைய சூட்டுக்கு வந்துவிடும், டார்ச் எரியும், “நாசில்தான் பிரச்சினை” என்ற முடிவும் உறுதியாகிவிடும். அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடி சுணங்கும்.

நடப்பது இதுதான். திரவ கேஸ் ஆவியாக மாற வெப்பம் வேண்டும். ஒரு கிலோ எல்பிஜி ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். அந்த வெப்பத்தைக் கேன் தன் திரவத்திடமிருந்தும் சுற்றியுள்ள காற்றிடமிருந்தும்தான் எடுக்க வேண்டும். சிறிய கேனுக்குப் பரப்பு குறைவு, உள்ளே திரவமும் குறைவு. எரிக்கிற வேகத்துக்கு வெளியிலிருந்து வெப்பம் வந்து சேராது. திரவம் குளிரும், பிரஷர் விழும், ஜுவாலை சுருங்கும்.

எந்த கேஸ் என்பதும் இதில் சேரும். பியூட்டேன் கொதிக்கும் புள்ளி மைனஸ் 0.5 டிகிரி, ஐசோபியூட்டேனுக்கு மைனஸ் 12-ஐ ஒட்டி, புரொபேனுக்கு மைனஸ் 42. மதுரையில் மே மாதம் வெறும் பியூட்டேன் கேனே சீறும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி காலையில் பூஜ்ஜியத்தை ஒட்டிப் போகும்போது அதே கேன் மூச்சுவிடாது. மலை ஊர்களில் வேலை எடுத்தால் புரொபேன் கலந்த கேன், அல்லது திருகு சிலிண்டர். நம் எல்பிஜி சிலிண்டரில் புரொபேனும் பியூட்டேனும் கலந்தே வரும். புரொபேன் சீக்கிரம் ஆவியாகும் என்பதால் பயன்படுத்தப் பயன்படுத்த மிச்சத்தில் பியூட்டேன் பங்கு ஏறிக்கொண்டே போகும். கடைசிக் கால் சிலிண்டர் எப்போதும் சோம்பேறியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடனடி நிவாரணம்: கேனையோ சிலிண்டரையோ வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வையுங்கள்; கை வைத்தால் சுகமாக இருக்கும் சூடு போதும். சுடுதண்ணீர் வேண்டாம். டார்ச்சாலேயே சிலிண்டரைக் காட்டிச் சூடாக்குவதைச் சில கூரைகளில் இன்னும் பார்க்க முடிகிறது. யாராவது செய்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

நிரந்தர நிவாரணம் தேர்வில்தான் இருக்கிறது. பர்னர் மணிக்கு எத்தனை கிராம் குடிக்கும் என்று அட்டையிலோ உடம்பிலோ போட்டிருக்கும். மணிக்கு 150 கிராம் குடிக்கும் தலையை 220 கிராம் கேனில் மாட்டினால் கணக்குப்படி ஒன்றரை மணி நேரம் வரவேண்டும். தொடர்ந்து எரித்தால் கேன் குளிர்ந்து அதற்கு முன்பே சுணங்கும். விட்டு விட்டு எரிக்கும் வேலைக்கு, அதாவது ஒரு ஜாயின்ட், அப்புறம் கொஞ்சம் ஓய்வு என்று போகிற வேலைக்கு, அது போதும். தொடர் எரிப்புக்கு ஹோஸ் டார்ச். கூரை மெம்பிரேனுக்கு உள்ள பெரிய பர்னர் மணிக்குக் கிலோக்கணக்கில் இழுக்கும். 5 கிலோ சிலிண்டரில் அதை மாட்டினால் அரை மணிக்குள் பனி பிடிக்கும். அதற்கு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர். 5 கிலோ சிறுசை ஏசி, பிளம்பிங் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், மாடி ஏற்ற இறக்க வசதி.

அறிகுறி: சிலிண்டர் நிறைய கேஸ், ஜுவாலை மட்டும் சாம்பிராணிப் புகை மாதிரி சோம்பல்

வீட்டு ரெகுலேட்டரை மாட்டியிருக்கிறீர்கள். அடுப்புக்கான ரெகுலேட்டர் விடும் பிரஷர் சுமார் 30 மில்லிபார் (ஆயிரம் மில்லிபார் ஒரு பார்). டார்ச்சுக்கு அரை பார் முதல் இரண்டு, பெரிய பர்னருக்கு அதற்கும் மேல் வேண்டும். பதினைந்து மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசத்தை நாசில் மாற்றிச் சரிக்கட்ட முடியாது. ஹை பிரஷர் ரெகுலேட்டர் வாங்குங்கள், அதற்கேற்ற பிரஷர் தாங்கும் ஹோஸையும் சேர்த்தே வாங்குங்கள். அடுப்பு டியூபை ஹை பிரஷர் பக்கம் மாட்டுவது ஆபத்து. அப்படியே இன்னொன்று: வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. சைட்டில் சோதனை வந்தால் சிலிண்டரும் போகும், மானமும் போகும்.

அறிகுறி: ஜுவாலை சூப்பர், ஜாயின்ட் மட்டும் சூடாகவே இல்லை

இதுதான் அதிகம் வருகிற புகார், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். டார்ச்சை மாற்றும்போது எல்லோரும் அட்டையில் போட்டிருக்கும் டிகிரியைப் பார்க்கிறார்கள். 1300 டிகிரி, 1500 டிகிரி என்று போட்டிருக்கும். அதை நம்பி ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பியூட்டேனோ புரொபேனோ புரோப்பிலீனோ, சாதாரணக் காற்றில் எரியும்போது எட்டக்கூடிய உச்ச வெப்பநிலை எல்லாவற்றுக்கும் 2000 டிகிரியை ஒட்டித்தான். வித்தியாசம் மிகக் குறைவு. அகல் விளக்கு ஜுவாலையும் ஆயிரம் டிகிரிக்கு மேல்தான். அதில் அண்டா தண்ணீரைக் காய்ச்ச முடியுமா?

பார்க்க வேண்டியது ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெப்பம் கொட்டுகிறது என்பதை. எல்பிஜி ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 12.8 யூனிட், அதாவது கிலோவாட் மணி வெப்பம். மணிக்கு 100 கிராம் குடிக்கும் டார்ச் சுமார் 1.3 கிலோவாட். அதில் பெரும்பகுதி காற்றோடு போகும். செம்போ எஃகைவிட ஏழெட்டு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நீங்கள் ஜாயின்டில் கொட்டுவதைப் பைப் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போய்விடும். கொட்டும் வேகம் இழுக்கும் வேகத்தைத் தாண்டினால்தான் ஜாயின்ட் சூடேறும். தாண்டாத டார்ச்சை ஒரு மணி நேரம் காட்டினாலும் தாண்டாது; பைப் முழுக்கக் கறுக்கும், பக்கத்து இன்சுலேஷன் உருகும், ராடு உருகாது.

சரி, எது எதற்கு எட்டும்? வெள்ளீயம் சேர்ந்த மென்பற்றாசு 183 முதல் 230 டிகிரிக்குள் உருகிவிடும்; கேன் டார்ச்சே போதும். ஏசி, ஃபிரிட்ஜ் வேலையில் வைக்கிற செம்பு-பாஸ்பரஸ் ராடு 710 டிகிரியில் உருக ஆரம்பித்து 800-ஐ நெருங்கும்போது நன்றாக ஓடும். செம்பு 1085-ல் உருகிவிடும். அந்த இடைவெளிக்குள்தான் வேலை. கால் இன்ச், மூணு நூல் (ஒரு நூல் என்பது இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) பைப்புக்குக் காற்றில்லாத இடத்தில் நல்ல கேன் டார்ச் எட்டும். அரை இன்ச், அஞ்சு நூலுக்குத் திருகு டார்ச், அதிலும் சுழல் ஜுவாலைத் தலை. ஜுவாலை பைப்பைச் சுற்றி அணைத்துக்கொள்ளும். முக்காலுக்கு மேல், அல்லது கம்ப்ரசரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைக் குழாயில் பற்றவைக்கும்போது, ஆக்சிஜன் சேர்ந்த செட்டுக்குப் போய்விடுவதுதான் நேரத்துக்கு நல்லது. எல்பிஜியோடு ஆக்சிஜன் சேர்ந்தால் ஜுவாலை 2800 டிகிரியைத் தொடும்; வெப்பம் ஒரு புள்ளியில் குவியும். இரண்டு ஹோஸிலும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் (தீ ஹோஸுக்குள் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் பாகம்) இல்லாமல் அந்த செட்டைத் தொடாதீர்கள்.

டார்ச்சைக் குறை சொல்வதற்கு முன் வேறு மூன்றைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, தண்ணீர் லைனில் வேலை என்றால் பைப்புக்குள் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா? சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தாலும் போதும், அது முழுதும் ஆவியாகும்வரை ஜாயின்ட் நூறு டிகிரியைத் தாண்டாது. எந்த டார்ச்சும் ஒன்றும் செய்ய முடியாது, லைனை வடியவிடுங்கள். இரண்டு, ராடு உருண்டையாக உருகி உருகிக் கீழே விழுகிறதா? ராடை ஜுவாலையில் காட்டுகிறீர்கள், பைப் இன்னும் சூடாகவில்லை. பைப் மங்கிய சிவப்புக்கு வந்த பிறகு, ஜுவாலையை விலக்கி, பைப்பின் சூட்டிலேயே ராடை உருகவிடுங்கள். மூன்று, மறுபக்கம் பித்தளை வால்வா? செம்புக்குச் செம்பு என்றால் பாஸ்பரஸே ஃபிளக்ஸ் (உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடை நீக்கும் பொருள்) வேலையைச் செய்யும். பித்தளைக்குத் தனியாக ஃபிளக்ஸ் வேண்டும். இரும்புக்கு இந்த ராடே ஆகாது, ஒட்டின மாதிரி இருந்து விரிசல் விடும். அங்கே வெள்ளி ராடும் ஃபிளக்ஸும்.

ஏசி வேலையில் இன்னும் ஒன்று. லைனில் கேஸ் மிச்சம் இருக்கும்போது ஜுவாலையைக் காட்டக் கூடாது. ஆர்-22 போன்றவை சூட்டில் உடைந்து நச்சுப் புகை விடும், ஆர்-32 எரியும், புது ஃபிரிட்ஜ்களில் உள்ள ஆர்-600ஏ சுத்தமான ஐசோபியூட்டேன், உங்கள் கேனில் இருக்கும் அதே ஜாதி. கேஸை முறையாக மீட்டெடுத்து, நைட்ரஜன் விட்டுக் கழுவி, பற்றவைக்கும்போதும் நைட்ரஜனை மெலிதாக ஓடவிடுங்கள். ஓடவிடவில்லை என்றால் பைப்புக்குள் கறுப்புச் செதில் உதிர்ந்து கேப்பிலரி என்கிற மெல்லிய குழாயை அடைக்கும். பிறகு அந்தப் பழியும் டார்ச் மேல்தான் விழும்.

அறிகுறி: தலைகீழ் பிரச்சினை, பைப்பே உருகி ஓட்டை

பழக்கம் எல்லாம் செம்பில் வைத்துவிட்டு அலுமினியக் காயிலைத் தொட்டால் இதுதான். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், உருகுவதற்கு முன் சிவந்து எச்சரிக்காது. ஒரு நொடி முன்பு நன்றாக இருக்கும், அடுத்த நொடி ஓட்டை. அதற்கான ராடு அலுமினியத்துக்குச் சற்றுக் கீழேதான் உருகும் என்பதால் கை நடுங்கினாலும் போச்சு. இதற்குச் சுழல் ஜுவாலை, ஆக்சிஜன் எதுவும் வேண்டாம். ஜுவாலையைச் சிறிதாக்கிப் பிடித்து நிறுத்தக்கூடிய, நுணுக்கமான வால்வு உள்ள டார்ச் வேண்டும். வால்வைக் கால் திருப்பு திருப்பினால் ஜுவாலை ஒரேயடியாகத் தாவுகிறதா, படிப்படியாக ஏறுகிறதா என்று கடையிலேயே எரித்துப் பார்த்து வாங்குங்கள்.

அறிகுறி: மெம்பிரேன் ஷீட் ஒட்டவில்லை, உப்புகிறது

ஷீட்டின் அடியில் உள்ள பாலிதீன் படலம் முழுக்க எரிந்து சுருங்கி, தார் பளபளவென்று இளகி, மேல்சேர்க்கையின் ஓரத்தில் ஒரு கோடாகப் பிதுங்கி வரவேண்டும். பிதுங்கவில்லை என்றால் சூடு போதவில்லை: பர்னர் சிறியது அல்லது சிலிண்டர் குளிர்ந்துவிட்டது. பிதுங்கியும் மறுநாள் உப்பினால் அடியில் ஈரம். மழை பெய்து காயாத தளத்தில் எந்தப் பர்னரை வைத்தும் பயனில்லை. அடைபட்ட ஈரம் வெயிலில் ஆவியாகி ஷீட்டைத் தூக்கும்.

அறிகுறி: கேஸ் வாடை

எல்லாவற்றையும் மூடுங்கள். பக்கத்தில் கிரைண்டர், சுவிட்ச், பீடி எதுவும் வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. சம்ப், லிஃப்ட் குழி, பேஸ்மெண்ட் தரை என்று பள்ளத்தில் போய்த் தங்கும், மேலே ஜன்னலைத் திறந்தால் மட்டும் போகாது. காற்றில் 2 சதவீதத்தை ஒட்டி இருந்தாலே பற்றிக்கொள்ளும். பள்ளமான இடத்தில் இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். சிலிண்டரைப் பள்ளத்துக்குள் இறக்காமல், மேலே வைத்து ஹோஸை மட்டும் இறக்குவதே வழக்கமாக இருக்கட்டும்.

வாடை கலைந்த பிறகு, திறந்தவெளியில் சோப்பு நுரை வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். தீக்குச்சி வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது. கேன் டார்ச்சில் கசிவு என்றால் பெரும்பாலும் தலைக்குள் உள்ள ஓ-ரிங் காய்ந்து வெடித்திருக்கும். கேஸுக்கான ஓ-ரிங்கே போடுங்கள், தண்ணீர்க் குழாய் வாஷர் உப்பிப்போகும். ஹோஸ் டார்ச்சில் நட்டு மேல் வெட்டுக் குறி இருந்தால் அது இடது மரை. வலப்பக்கம் இறுக்கினோம் என்று நினைத்துத் தளர்த்தியிருப்பீர்கள். கூம்பாக உட்காரும் இணைப்பிலும் ஓ-ரிங் இணைப்பிலும் டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள். அடைப்பது மரை அல்ல, முகம். டேப் அந்த முகத்தைத் தூக்கிப் பிடித்துக் கசிவை உண்டாக்கும். ஹோஸை வளைத்துப் பார்த்து மேல்தோலில் வெடிப்பு தெரிந்தால் வெட்டி ஒட்டாமல் முழுதாக மாற்றுங்கள்.

ஒரே ஒரு செட்டுக்குத்தான் காசு என்றால்

ஏசி மட்டும் என்றால், உள்ளே ரெகுலேட்டர் வைத்த திருகு டார்ச், ஒன்றரை மீட்டர் ஹோஸோடு. கேஸ் விலை கூடுதல்தான், ஆனால் ஏணி மேல் நிற்கும்போது அதன் அருமை தெரியும். உங்கள் ஊரில் அந்தச் சிலிண்டர் தடையில்லாமல் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சிலிண்டர் கிடைக்காத ஊரில் அந்த டார்ச் வெறும் பித்தளை.

எல்லா வேலையும் என்றால் என் ஓட்டு ஹோஸ் டார்ச்சுக்கே: கைப்பிடி ஒன்று, அளவு காட்டும் ரெகுலேட்டர் ஒன்று, கூரான பர்னர், அகலவாய் பர்னர், கூரைக்கான கிண்ணப் பர்னர் என மூன்று. பர்னர், நாசில், வாஷர் தனித்தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் வேறு கடை. கூடவே மலிவாக ஒரு கேன் டார்ச் பையில் கிடக்கட்டும். பத்து அம்சம் ஒரே தலையில் திணித்த ‘ஆல் இன் ஒன்’ டார்ச்சுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒன்று உடைந்தால் பத்தும் போகும்.

தீர்ந்த கேனை ரீஃபில் பண்ணலாமா?

கூடாது. பெரிய சிலிண்டரிலிருந்து 220 கிராம் கேனுக்கு ஏற்றும் அடாப்டர்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன, சில கடைகளில் ஏற்றியும் தருகிறார்கள். அந்தக் கேனின் தகடு பியூட்டேனுக்கானது. 40 டிகிரி வெயிலில் பியூட்டேனின் பிரஷர் மூன்று பாருக்குள்தான். புரொபேனோ அதே சூட்டில் பன்னிரண்டு பாரைத் தாண்டும். எல்பிஜியில் புரொபேன் கலந்திருப்பதால் ஏற்றிய கேனில் பிரஷர் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அளவுக்கு மேல் திரவம் நிரம்பிவிட்டால் விரிவதற்கும் இடம் இருக்காது. கேனிலேயே 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். கதவு மூடிய வேனின் உள்ளே மே மாதத்தில் அது சர்வசாதாரணமாகத் தாண்டும். புதுக் கேனைக்கூட வண்டியில் விட்டு வராதீர்கள். தீர்ந்ததைத் திறந்தவெளியில், மிச்ச ஆவி போகும்வரை எரித்தோ, தீ எதுவும் பக்கத்தில் இல்லாமல் திறந்துவிட்டோ காலி செய்து, பிறகு பழைய இரும்புக்குப் போடுங்கள்.